வாழையின் குளிர்கால உறக்கம்

இங்கிலாந்தின் தென்பகுதியில் அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ, வானம் தெளிந்து, காற்று அடங்கி, வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே ஓரிரு டிகிரி இறங்கும் முதல் இரவோடு தோட்டத்து வாழைகளின் பருவம் முடிந்துவிடுகிறது. கோடை முழுவதும் ஆளுயரத்துக்கு மேல் விரிந்து நின்ற இலைகள், மறுநாள் வெயில் பட்டதும் வெந்நீர் ஊற்றிய கீரையைப் போலத் துவண்டு, கருத்து, மட்டையோடு தொங்கிவிடும். அங்கே வாழையைத் தாருக்காக வளர்ப்பவர் அரிது. இலையின் அளவுக்காகவும் நிறத்துக்காகவும், சிறிய இலைகளே நிறைந்த குளிர்நாட்டுத் தோட்டத்தில் அது உண்டாக்கும் செழிப்புக்காகவுமே அதனை அழகுவாழையாக வளர்க்கின்றனர். அந்தச் செழிப்பு மே மாதக் கடைசி முதல் அக்டோபர் வரை ஐந்து மாதங்களுக்கு மட்டுமே. மீதி ஏழு மாதங்களுக்கு வாழையைச் சாகாமல் வைத்திருப்பது தனியொரு தொழில்நுட்பமாகவே வளர்ந்திருக்கிறது. அதற்கு வேண்டிய கருவிகள் மண்வெட்டி, கத்தி, வைக்கோல், பழைய செய்தித்தாள் ஆகியவைதாம் என்றாலும், எதை எப்போது செய்வது என்பது அந்தந்த வாழை பிறந்த நாட்டின் பருவங்களை அறிந்தவருக்கே கைகூடுகிறது.

வாழையில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வெளியே அடித்தண்டாகத் தெரிவது ஒன்றையொன்று இறுகத் தழுவிய இலைமட்டைகளின் உருளையே ஆகும். இதனைத் தாவரவியலார் பொய்த்தண்டு என்பர். உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. அந்தக் கிழங்கின் உச்சியில், மட்டைகளின் அடிப்பாகங்கள் கூடும் நடுவிடத்தில், சில மில்லிமீட்டர் அளவே உள்ள வளர்முனை இருக்கிறது. ஒவ்வோர் இலையும் அங்கேதான் தோன்றி, பொய்த்தண்டின் நடுவே நீண்ட குழல் போன்ற வழியில் ஏறி, உச்சியில் குருத்தாக வெளிப்பட்டு விரிகிறது. பூக்கும் பருவம் வந்த பிறகுதான் வளர்முனை பூந்தண்டாக மாறி மேலே எழுகிறது. தமிழ்ச் சமையலில் பொரியலாகவும் கூட்டாகவும் ஆகிற வாழைத்தண்டு அதுவே. பூக்காத வாழையில் உயிரின் மையம் தரைமட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோதான் இருக்கிறது. எனவே இலைகள் அனைத்தும் கருகினாலும், பொய்த்தண்டின் மேற்பாதி அழுகினாலும் வாழை இறந்துவிட்டதாகக் கொள்ள வேண்டியதில்லை. அழுகல் கீழிறங்கி வளர்முனையைத் தொடும்போதுதான் அதன் கதை முடிகிறது.

வாழையைக் குளிர் ஒரே அடியில் கொல்வதில்லை, படிப்படியாகவே நெருங்குகிறது. வெப்பநிலை ஏறத்தாழ 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகும்போது பெரும்பாலான வாழைகளில் புதிய இலை வருவது நின்றுவிடுகிறது. இன்னும் கீழே இறங்கினால் உயிரணுக்களைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வுகள் இறுகித் தம் வேலையை இழக்கின்றன. பனிக்கட்டி உருவாகாமலே ஏற்படும் இந்தக் கேட்டைக் குளிர்க்காயம் என்று குறிப்பிடலாம். குளிர்பதனப் பெட்டியில் வைத்த வாழைப்பழத்தின் தோல் கருப்பதும் இதனால்தான். பூச்சியத்துக்குக் கீழே போனதும் உயிரணுக்களுக்கு இடையில் உள்ள நீர் உறைந்து, அணுக்களுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுத்துக்கொள்கிறது. வற்றிச் சுருங்கிய அணுக்களின் சவ்வுகள் கிழிகின்றன. பனி உருகும்போது அணுக்களின் சாறு வெளியே கசிந்து பரவுகிறது. பொய்த்தண்டின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர்தான் என்பதால் சேதம் பெரிதாகிறது. அதற்குப் பின் வருவது அழுகல். கிழிந்த அணுக்களில் நுண்ணுயிர்கள் புகுந்து, ஈரமான மட்டைகளின் இடுக்குகள் வழியாகக் கீழே இறங்குகின்றன. குளிர்நாடுகளில் இறக்கும் வாழைகளில் பலவற்றை நேரடியாகக் கொல்வது இந்த அழுகலே. குளிர் அதற்குக் கதவைத் திறந்துவிடுகிறது, நீர் உள்ளே அழைத்துச் செல்கிறது. குளிர்காலத்து வாழைக் காப்பில் நீரை விலக்குவதற்குக் கொடுக்க வேண்டிய கவனம், வெப்பம் ஊட்டுவதற்குக் கொடுக்கும் கவனத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் இந்த உண்மைக்கு மெதுவாகவே வந்து சேர்ந்தனர். 19ஆம் நூற்றாண்டில் வாழை பெருஞ்செல்வர்களின் கண்ணாடி வீடுகளில் குடியிருந்த செடி. டெவன்ஷயர் கோமகனின் சாட்ஸ்வொர்த் மாளிகையில் தலைமைத் தோட்டக்காரரான ஜோசப் பாக்ஸ்டன் வளர்த்து 1835-ல் பூக்கச் செய்த வாழைதான், அந்தக் கோமகனின் குடும்பப் பெயரால் கேவண்டிஷ் என்று இன்று உலகெங்கும் அறியப்படுகிறது. அதே ஆண்டில் அந்தத் தோட்டத்திலிருந்து செடிகள் சேகரிக்க இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட ஜான் கிப்சன், பிற்காலத்தில் லண்டன் பேட்டர்சீ பூங்காவின் பொறுப்பை ஏற்று, 1860களில் அங்கே வெப்பநாட்டுச் செடிகளைத் திறந்தவெளியில் நட்டு மக்களுக்குக் காட்டினார். வில்லியம் ராபின்சன் 1871-ல் இத்தகைய தோட்டக்கலைக்கெனத் தனி நூலே எழுதினார். அந்தக் காலத்து முறை எளிது, ஆனால் செலவு மிகுந்தது: இலையுதிர்காலம் வந்ததும் செடிகளைப் பெயர்த்துத் தொட்டிகளில் ஏற்றி, நிலக்கரி எரித்துச் சூடாக்கிய கண்ணாடி வீடுகளுக்குக் கொண்டுபோய் விடுவார்கள். நிலக்கரியும் கூலியாட்களும் இல்லாத சாதாரண வீட்டுத் தோட்டக்காரருக்கு வேறு வழி வேண்டியிருந்தது. அந்த வழி, வாழையைக் குளிர்காலத்தில் வளர விடாமல் உறங்க வைப்பது. எல்லா வாழையும் உறங்குமா என்பதுதான் அப்போது எழுகிற கேள்வி.

உறங்கும் வாழைகளில் முதலிடம் என்செட்டே இனத்துக்கு. முன்பு வாழைப் பேரினமாகிய மூசாவிலேயே சேர்க்கப்பட்டிருந்த இதனை, 1947-ல் தாவரவியலாளர் சீஸ்மன் மீண்டும் தனிப் பேரினமாக நிலைநிறுத்தினார். இதற்குப் பக்கக்கன்று வருவதில்லை. அடிப்பாகம் பருத்து, பானை போலப் புடைத்திருக்கும். ஒருமுறை பூத்துக் காய்த்ததும் செடி முழுவதும் இறந்துவிடும். இதன் செந்நிற வகையான மௌரேலியே குளிர்நாட்டுத் தோட்டங்களில் பெரிதும் விரும்பப்படுவது. இலையின் மேற்புறம் பச்சையில் செம்பு கலந்தும், அடிப்புறமும் நடுநரம்பும் கருஞ்சிவப்பாகவும் இருப்பதால், மாலை வெயில் இலையின் பின்னாலிருந்து விழும்போது அந்தச் செம்மை முழுவதும் ஒளி பெறுகிறது. நல்ல உரமும் நீரும் கிடைத்தால் ஒரே கோடையில் இரண்டரை மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடும்.

மௌரேலி சேர்ந்த என்செட்டே சிற்றினத்தின் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்கா. எத்தியோப்பியாவின் தெற்கு, தென்மேற்கு மலைநாடுகளில் அது கோடிக்கணக்கான மக்களின் உணவுப் பயிர். அங்கே பழத்தை உண்பதில்லை. பொய்த்தண்டின் சதையையும் கிழங்கையும் சுரண்டி, குழிகளில் இலைபோட்டு மூடிப் புளிக்கவைத்து, கோச்சோ என்னும் தட்டையான ரொட்டியாகச் சுட்டு உண்கிறார்கள். கடல்மட்டத்திலிருந்து 1500 முதல் 3000 மீட்டர் உயரத்தில், குளிர்ந்த இரவுகளில் வளர்ந்து பழகிய செடி என்பதால்தான், கேவண்டிஷ் போன்ற தாழ்நில வாழைகள் சுணங்கி நிற்கும் ஆங்கிலக் கோடையில் இது தளராமல் வளர்கிறது. இன்னொரு பழக்கமும் இதற்கு உண்டு. எத்தியோப்பிய உழவர்கள் இதனை ஒரே இடத்தில் நட்டு விட்டுவிடுவதில்லை. அறுவடைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும் இந்தச் செடியை, அதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வேரோடு பெயர்த்து, வேரையும் இலையையும் கழித்து, இடைவெளி கூட்டி வேறிடத்தில் நடுகிறார்கள். தோண்டி எடுக்கப்படுவதும், இலையும் வேரும் இழந்து சில காலம் சும்மா கிடப்பதும் அதற்குப் புதியவை அல்ல. குளிர்நாட்டுத் தோட்டக்காரர் இலையுதிர்காலத்தில் செய்வது, அந்த உழவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்ததன் ஒரு பகுதியே.

இந்த உறக்கத்தின் வேர் வறட்சியில் இருக்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டின் எல்லையிலேயே சான்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைச் சரிவுகளில் வளரும் கல்வாழையும் என்செட்டே இனத்தைச் சேர்ந்ததே. மழைக்காலத்தில் பாறை இடுக்குகளில் தழைத்து நிற்கும் அது, மழை ஓய்ந்து கோடை வந்ததும் இலைகளை இழந்து, பருத்த அடிப்பாகத்தில் நீரையும் மாவுச்சத்தையும் வைத்துக்கொண்டு அடுத்த மழை வரை காத்திருக்கிறது. அந்தப் பருத்த அடிதான் குளிர்நாட்டுக் கிடங்கிலும் செடியைக் காக்கிறது. வறண்ட பருவத்துக்காக அமைந்த உடலைக் குளிர்ந்த பருவத்தில் வறட்சியாக வைத்தால், அது தயங்காமல் ஏற்றுக்கொள்கிறது.

பெயர்க்கும் நாளைத் தேர்ந்தெடுப்பதில் தோட்டக்காரர்களிடையே இரு கட்சிகள் உண்டு. முதல் உறைபனி இலையைத் தீய்த்த பிறகு எடுத்தால் செடி தானே வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் என்பது ஒரு கட்சி. உறைபனிக்கு முன்பே எடுத்துவிட வேண்டும் என்பது மற்றொன்று. என்செட்டேயைப் பொறுத்தவரை இரண்டாவதே பாதுகாப்பானது. இலைநுனி கருகுவதால் தீங்கில்லை; ஆனால் உச்சியில் தேங்கிய மழைநீர் உறைந்து குருத்து வழியே கீழே இறங்கிவிட்டால், அந்தச் சேதம் வெளியே தெரிய இரண்டு மாதம் ஆகும், அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது. பக்கக்கன்று இல்லாத செடியை இழந்தால் எல்லாம் போயிற்று என்பதால், இங்கே துணிச்சலுக்கு இடமில்லை.

பெயர்ப்பதற்குமுன் இலைகளை மட்டையோடு ஒட்டக் கழித்துவிட்டு, நடுவில் இன்னும் விரியாத குருத்தையும் அதனை ஒட்டிய ஓரிலையையும் மட்டும் விட்டுவைப்பர். பிறகு அடியைச் சுற்றி ஓர் அடி தள்ளி மண்வெட்டியை இறக்கினால், பருத்த செடிகூட எதிர்பார்த்ததைவிட எளிதாகப் பெயர்ந்துவிடும். வாழையின் வேர்கள் விரல்பருமனில் நீண்டாலும் மரவேர்போல் வைரம் பாய்ந்தவை அல்ல. கடினமானது எடைதான். மூன்றாம் ஆண்டுச் செடியைத் தூக்க இருவர் வேண்டும். வெட்டிய மட்டைகளின் குறுக்குமுகத்தைப் பார்த்தால், மௌரேலியில் வெளிவளையங்கள் செம்பழுப்பாகவும், உள்ளே செல்லச் செல்ல இளஞ்சிவப்பாகவும், நடுவில் வெளிர்வெண்மையாகவும் இருக்கும்; ஒவ்வொரு மட்டையின் உள்ளும் சதுரச் சதுரமாகக் காற்றறைகள் அடுக்கப்பட்டிருக்கும். மட்டைகளின் இடுக்குகளிலும் இந்த அறைகளிலும்தான் நீர் தங்குகிறது. எனவே பெயர்த்த செடியை உடனே உள்ளே கொண்டுபோகாமல், மழைபடாத கொட்டகையில் தலைகீழாகச் சாய்த்துச் சில நாள் வைக்க வேண்டும். முதல் நாளில் நீர் கோடாக வழியும், பிறகு சொட்டும், பிறகு நின்றுவிடும். இந்த ஒரு வேலையைத் தவிர்த்ததால் பிழைக்க வேண்டிய வாழைகள் எத்தனையோ அழுகிப்போகின்றன. வாழைக்கறையைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்செட்டேயின் கறையும் துணியைவிட்டுப் போவதில்லை.

நீர் வடிந்ததும் வேர்க்கட்டியில் ஒட்டிய மண்ணில் பெரும்பகுதியை உதிர்த்து, பொய்த்தண்டைச் செய்தித்தாளால் சுற்றி, கிழங்கை உலர்ந்த மரப்பட்டைத் தூளிலோ, சற்றே ஈரம் உள்ள மட்கிலோ அமர்த்தி, உறைபனி புகாத ஓர் அறையில் வைப்பர். வெப்பநிலை 5 முதல் 10 டிகிரி வரை இருப்பது நல்லது. இதற்குக் கீழே போனால் குளிர்க்காயமும் அதன்வழி அழுகலும் வரும். இதற்கு மேலே போனால் செடி விழித்துக்கொள்ளும். இருட்டில் விழித்த வாழை, கிழங்கில் சேர்த்த மாவுச்சத்தைச் செலவழித்து வெளுத்த மெல்லிய குருத்துகளை நீட்டி, வசந்தம் வரும்போது கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கும். வெளிச்சம் தேவையில்லை, நீரும் தேவையில்லை. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை தாளைப் பிரித்து, கட்டைவிரலால் அடியை அழுத்திப் பார்க்க வேண்டும். வெளிமட்டை காய்ந்து காகிதம்போல் ஆகியிருந்தால் கவலையில்லை. வழவழப்பாகி, புளித்த வாடை வீசினால், அந்த மட்டையை உரித்து எறிந்துவிட்டு, உறுதியான உள்மட்டை தெரியும்வரை போக வேண்டும். ஒவ்வொரு மட்டையும் தனித்தனி உறையாக இருப்பதால், வெளியுறையின் அழுகலை உரித்து அகற்றி உள்ளே இருப்பதைக் காப்பாற்ற முடிகிறது. வாழையின் உடலமைப்பு தோட்டக்காரருக்குத் தரும் பெரிய சலுகை இது.

வெளிச்சமான கண்ணாடிக் கூடம் வைத்திருப்பவர்கள் என்செட்டேயைத் தொட்டியில் பச்சையாகவே வைத்துக்கொள்வதும் உண்டு. பத்து டிகிரிக்குச் சற்று மேலே வெப்பமும், மாதத்துக்கு ஓரிரு முறை சிறிதளவு நீரும் போதும். ஆனால் சூடாக்கிய வீடுகளின் வறண்ட காற்றில் செம்பேன் பெருகி, இலையின் அடிப்புறத்தில் நுண்ணிய வலை பின்னிச் சாற்றை உறிஞ்சிவிடும். டிசம்பரில் லண்டனில் பகல் ஏறத்தாழ எட்டு மணி நேரம்தான். அந்த வெளிச்சத்தில் வெப்பம் மட்டும் கூடினால் இலைகள் நிறம் மங்கிச் சோகையாகும். இடம் இருந்தாலும் உறங்க வைப்பதே மேல்.

ஜப்பானிய நார்வாழை எனப்படும் மூசா பாஸ்ஜூவுக்கு முறை முற்றிலும் வேறு. பெயரில் ஜப்பான் இருந்தாலும் இதன் பூர்விகம் தென்சீனா. அங்கிருந்து ஜப்பானுக்குச் சென்று கோயில்களிலும் வீடுகளிலும் இடம்பிடித்தது. 17ஆம் நூற்றாண்டின் ஹைக்கூக் கவிஞர் பாஷோ, தம் குடிலருகே சீடர் ஒருவர் நட்டுக்கொடுத்த இந்த வாழையால்தான் அந்தப் புனைபெயரைப் பெற்றார். குளிர்காலம் கடுமையான மலைப்பகுதிகளிலிருந்து வந்ததால், மேற்பகுதி முழுவதும் கருகி விழுந்த பின்னும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு பிழைத்து, வசந்தத்தில் கன்றுகளை விடுகிறது. இதனைப் பெயர்க்க வேண்டியதில்லை. தென் இங்கிலாந்தில் உறைபனி மண்ணுக்குள் ஆழமாக இறங்குவது அரிது என்பதால், கிழங்கின்மேல் ஓரடி உயரத்துக்கு வைக்கோலோ இலைச்சருகோ மூடாக்காகப் போட்டாலே வாழை பிழைத்துக்கொள்ளும்.

பிழைப்பது போதும் என்றால் வேலை அத்துடன் முடிந்தது. ஆனால் தரைமட்டத்திலிருந்து மீண்டும் தொடங்கும் வாழை ஒரு கோடையில் ஆளுயரத்தைத் தாண்டுவதற்குள் இலையுதிர்காலம் வந்துவிடுகிறது. பொய்த்தண்டையும் காப்பாற்றினால், அடுத்த ஆண்டு வளர்ச்சி அந்த உயரத்திலிருந்தே தொடங்கி மூன்று மீட்டருக்கு மேலே போகிறது. பூக்கும் வாய்ப்பும் கிடைக்கிறது. பொய்த்தண்டு தொடர்ந்து நின்று போதிய இலைகளை விட்ட பிறகே வாழை பூக்கும் என்பதால், ஒவ்வொரு குளிர்காலத்திலும் தரையோடு போகிற செடியில் பூவைப் பார்க்க இயலாது. அதற்காகவே இலைகளைக் கழித்த தண்டுகளைச் சுற்றிக் கம்பிவலையைக் கூண்டாக நிறுத்தி, இடைவெளியை உலர்ந்த வைக்கோலால் நிரப்பி, உச்சியில் மழை இறங்காதபடி ஓடோ தகரமோ வைக்கின்றனர். சிலர் பழைய சுட்டமண் புகைப்போக்கிக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தண்டுக்கு உறையாக்குவதும் உண்டு. பிளாஸ்டிக் தாளை இறுகச் சுற்றுவதே பலரும் செய்யும் தவறு. பகலில் உள்ளே வெயில் சூடேற்ற, இரவில் ஆவி நீராகப் படிய, வைக்கோல் நனைந்து அழுகலுக்கு மெத்தையாகிவிடுகிறது. காற்று புகும் பிளீஸ் துணி அதைவிடப் பன்மடங்கு நல்லது. வைக்கோல் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. அசையாத உலர்ந்த காற்றைத் தன் குழல்களில் பிடித்துவைத்து, மண்ணிலிருந்து எழும் சிறு வெப்பம் விரைவில் வெளியேறாமல் தடுக்கிறது. நனைந்தால் அந்தக் காற்றும் போய்விடுகிறது.

கிழக்கு சசெக்ஸில் உள்ள கிரேட் டிக்ஸ்டர் தோட்டத்தில் இந்த வேலையை வைக்கோலுக்குப் பதிலாகப் பெரணி இலைகளைக் கொண்டு செய்தது புகழ்பெற்றது. கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்த பழைய ரோஜாத் தோட்டத்தை 1990களின் தொடக்கத்தில் கிறிஸ்டோபர் லாயிடும் அவருடைய தலைமைத் தோட்டக்காரர் பெர்கஸ் காரட்டும் பெயர்த்தெறிந்துவிட்டு, வாழை, கன்னா, டேலியா ஆகியவற்றை நெருக்கமாக நட்டபோது, ஆங்கிலத் தோட்ட உலகில் பெரிய சலசலப்பு எழுந்தது. ரோஜாவைத் துறந்ததைப் பலர் மன்னிக்கவில்லை. ஆனால் அந்தத் தோட்டம் பெரிய இலைகளின் மீது ஒரு தலைமுறைக்கே ஆசையை மூட்டியது என்பதையும், நார்வாழையைத் தரையில் வைத்தே காக்கலாம் என்பதைக் கண்முன்னே காட்டியது என்பதையும் மறுக்க முடியாது. உலர்ந்த பெரணி எளிதில் மட்காது, படிந்து கெட்டியாவதும் இல்லை. அருகில் கிடைப்பதை வைத்துச் செய்த நல்ல தேர்வு அது.

மற்ற வாழைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அசாம் பக்கத்துக் காடுகளில் வளரும், இளஞ்சிவப்புக் காய்கள் பழுத்ததும் தோல் தானே உரிந்து விரியும் மூசா வெலூட்டினா, நல்ல மூடாக்கின் கீழ் கிழங்களவில் பிழைக்கக்கூடியது. இமயமலைச் சரிவுகளைச் சேர்ந்த சிக்கிம் வாழையும் ஓரளவு அப்படியே. தென்கிழக்கு ஆசியாவின் எப்போதும் ஈரமான தாழ்நிலங்களில் தோன்றியவை, இலையில் செம்புள்ளியும் கோடும் ஓடும் செப்ரினா போன்றவை, உறங்குவதற்கு ஒருபோதும் பழகாதவை. அவற்றை உலர வைத்தால் உறங்குவதில்லை, சாகின்றன. அவற்றுக்கு வெளிச்சமான அறையும், 15 டிகிரிக்குக் குறையாத வெப்பமும், அளவான நீரும் வேண்டும். கிழங்கு பிழைக்கும் வகைகளிலும்கூட, பெரிய செடியை நம்பியிராமல் ஆகஸ்டிலேயே ஒரு பக்கக்கன்றைப் பிரித்துத் தொட்டியில் வைத்து வீட்டுக்குள் காப்பது நல்ல முன்னெச்சரிக்கை.

கனடாவின் டொராண்டோப் பகுதியில் கணக்கு மாறிவிடுகிறது. அங்கே உறைபனி மண்ணுக்குள் இறங்கும் ஆழத்தைக் கருதிக் கட்டட அடித்தளங்களையே 1.2 மீட்டர் ஆழத்தில் அமைக்கின்றனர். கிழங்கு கிடக்கும் ஆழம் முழுவதும் உறைந்துவிடும். நார்வாழையைத் தரையில் வைக்க விரும்புவோர், சூடாக்கிய வீட்டின் தெற்குப் பார்த்த சுவரை ஒட்டி நட்டு, அடித்தளத்திலிருந்து கசியும் வெப்பத்தையும் இரண்டடிக்குக் குறையாத மூடாக்கையும் நம்புகின்றனர். மற்றவர்களுக்கு நிலக்கீழ் அறையும் கராஜுமே கதி. அந்நகரின் தமிழ்க் குடும்பங்கள் பல, கறிவேப்பிலைத் தொட்டியோடு வாழைத் தொட்டியையும் செப்டம்பரில் உள்ளே இழுத்துப் போவது வழக்கமாகிவிட்டது. ஊர் வாழைகள் கன்றிலிருந்து தார் தள்ளிப் பழுக்க வேண்டிய மாதங்கள் அங்குள்ள கோடையைவிட மிக நீண்டவை என்பதால் பழத்துக்கு வாய்ப்புக் குறைவு. பொங்கலுக்கும் திவசத்துக்கும் ஓர் இலை கிடைத்தால் அதுவே அவர்களுக்கு நிறைவு.

வசந்தத்தில் எழுப்புவதும் அவசரம் இல்லாமல் செய்ய வேண்டியதே. உறங்கிய என்செட்டேயை மார்ச் மாதத்தில் எடுத்து, கிழங்கைவிடச் சற்றே பெரிய தொட்டியில் வைத்து, ஏறத்தாழ 18 டிகிரி வெப்பமும் நல்ல வெளிச்சமும் உள்ள இடத்துக்கு மாற்றுவர். உயிர் இருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. காய்ந்த உச்சியைக் கூரிய கத்தியால் குறுக்காகச் சீவி, ஈரமான வெள்ளைச் சதை தெரியும்வரை வில்லை வில்லையாக இறங்க வேண்டும். தமிழ்நாட்டில் தார் தள்ளாத வாழையைத் தற்செயலாக வெட்டிச் சாய்த்தவர்கள் பார்த்திருப்பார்கள்: வெட்டிய சில மணி நேரத்தில் நடுவட்டம் மட்டும் மெல்ல மேலே எழுந்து நிற்கும், வெளிமட்டைகளின் வளர்ச்சி முடிந்துவிட்டதால் அவை அப்படியே இருக்க, வளர்முனையிலிருந்து ஏறிக்கொண்டிருக்கும் இளங்குருத்து மட்டும் நீள்வதால் இது நிகழ்கிறது. குளிர்நாட்டுத் தொட்டியில் அதே நடுவட்டம் எழ ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகலாம். கால் அங்குலம் எழுந்துவிட்டால் அந்த வாழை பிழைத்துவிட்டது. அதுவரை நீரை மிகக் குறைவாக, தொட்டியின் ஓரத்தில் மட்டும் ஊற்ற வேண்டும். புது வேர் இல்லாத கிழங்கு நனைந்த மண்ணில் அழுகுவது இந்தக் கட்டத்தில்தான் அதிகம். முதலில் வரும் இலை வெளிறி, சுருங்கி, நுனி கருகியிருந்தாலும் பொருட்படுத்த வேண்டாம். மூன்றாவது இலையில் நிறமும் வடிவமும் திரும்பிவிடும். மே மாதக் கடைசியில், உறைபனி அபாயம் தீர்ந்த பிறகு, பகலில் வெளியேயும் இரவில் உள்ளேயுமாக இரண்டு வாரம் பழக்கி, காற்று மறைந்த இடத்தில் நன்கு மட்கிய எருவைத் தாராளமாக இட்டு நடுவர்.

நடுவட்டம் எழாமலே போய், சீவச் சீவப் பழுப்பே தெரிந்து, வளர்முனையும் அழுகிவிட்டது என்று உறுதியானால்கூட, அடிக்கிழங்கு கெட்டியாக இருக்கும்வரை அதனை எறிந்துவிடக் கூடாது. எத்தியோப்பிய உழவர்கள் கன்று விடாத என்செட்டேயைப் பெருக்குவது, வேண்டுமென்றே வளர்முனையைக் குடைந்தெடுத்துவிட்டுக் கிழங்கைக் குழியில் புதைத்துத்தான். தலைமை முளை இல்லாமல் போனதும், அதுவரை அடங்கிக் கிடந்த கிழங்கின் திசுக்களிலிருந்து புதிய மொட்டுகள் உருவாகி, ஒரே கிழங்கிலிருந்து டஜன் கணக்கிலும் அதற்கு மேலும் கன்றுகள் எழுகின்றன. குளிர்நாட்டிலும் அவ்வாறே அழுகிய நடுப்பகுதியை நல்ல சதை வரை சுத்தமாகக் குடைந்து, ஓரிரு நாள் காயவைத்து, மணல் கலந்த மட்கில் விளிம்பு தெரியப் புதைத்து, 20 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பாக வைத்தால், சில வாரங்களில் விளிம்பைச் சுற்றிச் செந்நிற முளைகள் தோன்றக்கூடும். அவை விரலளவு உயர்ந்து தமக்கென வேர் விட்டதும், ஒவ்வொன்றையும் தாய்க்கிழங்கின் துண்டோடு சேர்த்துக் கூரிய கத்தியால் பிரித்துத் தனித்தொட்டியில் நட வேண்டும்.